முதலில் போவது விரல்கள்

ஒன்ராறியோ ஏரியில் கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகை ஓட்டுகிறவர்களுக்கு ஆபத்தான மாதம் எது என்று கேட்டால் நிறையப் பேர் ஜனவரி என்பார்கள். ஜனவரியில் யாரும் விளையாட்டாக ஏரியில் இறங்குவதில்லை. இறங்கும் ஒன்றிரண்டு பேரும் முழு உடுப்போடு, நன்றாக யோசித்துத்தான் இறங்குவார்கள். எனக்குப் பயம் மே மாதம்தான்.

மே நடுவில், கனடாவின் ரொறன்ரோ நகரத்துக் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் வெயில் 22 டிகிரியைத் தொடும். ஏரிக்கரைப் பூங்காவான புளஃபர்ஸ் பார்க்கின் வாகனத் தரிப்பிடம் காலையிலேயே நிரம்பிவிடும். சனம் அரைக்கைச் சட்டையோடு மணலில் இருந்து சாப்பிடும். அதே நேரம் கரையோரத் தண்ணீர் 6, 7 டிகிரியில் நிற்கும். இந்த ஏரியின் சராசரி ஆழம் 86 மீற்றர், மிக ஆழமான இடத்தில் 244 மீற்றர். இவ்வளவு தண்ணீரும் சூடேற ஒரு கோடைகாலம் போதாது. அடியில் அது சூடேறுவதே இல்லை. ரொறன்ரோ நகர மையத்தின் பெரிய கட்டடங்கள் பலவற்றை 2004ஆம் ஆண்டிலிருந்து கோடையில் குளிரூட்டுவது இந்த அடித்தண்ணீர்தான். கரையிலிருந்து 5 கிலோமீற்றர் தள்ளி, 83 மீற்றர் ஆழத்திலிருந்து குழாய் வழியாக எடுக்கிறார்கள். ஆண்டு முழுவதும் அது 4 டிகிரி அளவில்தான் இருக்கிறது. நாங்கள் கயாக் ஓட்டுவது அந்தத் தண்ணீருக்கு மேலே.

எங்கள் கிளப்பில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் இப்படி ஒரு மே மாதக் காலையில் கேட்டார்: “அண்ணை, வெளியில நிண்டாலே வேர்க்குது. இதுக்கு மேல ட்றைசூட்டோ?”

நியாயமான கேள்வி. தண்ணீர் உள்ளே புகாத முழு உடுப்பான ட்றைசூட்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஐந்து நிமிடம் நின்றால் முதுகு நனைந்துவிடும். நான் பதில் சொல்லாமல், கரையோரம் குந்தியிருந்து முழங்கை வரை கையைத் தண்ணீரில் விடச் சொன்னேன். வேறு கதைகள் கதைத்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவர் கதையை நிறுத்திவிட்டு எலும்புக்குள் வலிக்கிறது என்றார். இன்னும் கொஞ்ச நேரம் போனதும் கையை எடுக்கச் சொல்லி, என் சாவிக்கொத்தைக் கொடுத்து, அதிலிருந்து ஒரு சாவியைக் கழற்றித் தரச் சொன்னேன். அந்த இரட்டை வளையத்துக்குள் நகத்தைவிட்டுப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். விரல் வளையத்தின் மேல் வழுக்கி வழுக்கிப் போனது. மறு கையால் வலது கை விரல்களைச் சேர்த்துப் பிடித்து அழுத்திப் பார்த்தார். முடியவில்லை. உடம்பில் வேறெங்கும் அவருக்குக் குளிரவே இல்லை, நெற்றியில் வியர்வை இருந்தது.

குளிர்த் தண்ணீர் என்றதும் நாங்கள் எல்லோரும் நினைப்பது உடம்பு விறைத்துச் செத்துப்போவதைத்தான். அது நடக்கும், ஆனால் கடைசியாக நடக்கும். அதற்கு முன்பே மூச்சு போகும், பிறகு விரல்கள் போகும். கயாக்கில் உயிர் தப்புவதற்கான வேலைகள் அத்தனையும் விரல்களால் செய்வது. அதனால் உடுப்பு, கருவி, பயிற்சி என்று எதை எடுத்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: விரல் வேலை செய்யாதபோது இது வேலை செய்யுமா?

மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியர் இதை ஒன்று, பத்து, ஒன்று என்று சுருக்கிச் சொன்னார். தன் உடம்பையே பலமுறை ஐஸ் தண்ணீரில் இறக்கிச் சோதித்தவர் அவர். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம். கைகால்கள் உருப்படியாக இயங்கப் பத்து நிமிடம். உடம்பு குளிர்ந்து நினைவு தப்ப ஒரு மணி நேரம். உடம்பைப் பொறுத்தும் உடுப்பைப் பொறுத்தும் கூடும் குறையும். ஆனால் ஒழுங்கு மாறாது.

அந்த முதல் நிமிடம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குளிர்த் தண்ணீர் திடீரென்று தோலில் பட்டதும் வாய் தானாகத் திறந்து ஒரு பெரிய மூச்சை இழுக்கும். நீங்கள் வேண்டாம் என்று நினைத்தாலும் இழுக்கும். தலை தண்ணீருக்குள் இருக்கும்போது அது நடந்தால் உள்ளே போவது தண்ணீர். அதன் பிறகு மூச்சு மேல்மூச்சு கீழ்மூச்சாக அடித்துக்கொள்ளும். நீச்சல் குளத்தில் கயாக்கைக் கவிழ்த்து, தலைகீழாகத் தொங்கியபடி ஆறுதலாக ஸ்பிரே ஸ்கேர்ட்டின் (இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடும் உறை) பட்டியை இழுத்து வெளியே வந்து பழகியவர்கள் எங்கள் கிளப்பில் நிறையப் பேர். குளத்தில் முப்பது விநாடி மூச்சடக்கிய ஒருவருக்கு 6 டிகிரித் தண்ணீரில் சில விநாடிகள்கூடக் கிடைக்காமல் போகலாம். நீந்தத் தெரியும் என்ற தைரியமும் அந்த நிமிடத்தில் உதவாது. ‘தண்ணீர் 12 டிகிரிதானே, பரவாயில்லை’ என்று சிலர் சொல்வார்கள். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்துவரும் மைக் டிப்டன், தண்ணீர் 10க்கும் 15க்கும் இடையில் இருக்கும்போதே இந்த மூச்சுத் தாக்கம் உச்சத்துக்குப் போய்விடுகிறது என்று காட்டியிருக்கிறார். மூச்சைப் பொறுத்தவரை 12 டிகிரியும் 6 டிகிரியும் ஏறக்குறைய ஒன்றுதான்.

லைஃப் ஜக்கெற்றைப் பற்றிக் கிளப்பில் இனி யாரும் வாதம் செய்வதில்லை. கனடாச் சட்டப்படி ஆளுக்கொன்று படகில் இருந்தால் போதும், வளர்ந்தவர்கள் போட்டிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் அந்த முதல் நிமிடத்தில் மிதந்துகொண்டு மூச்சை அடக்குவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. கயாக்கின் பின்னால் கட்டி வைத்த ஜக்கெற்றைத் தண்ணீரில் நின்று போட்டு, கொளுவிகளைப் பூட்டலாம் என்று நினைப்பவர்கள் ஒருதரம் பாதுகாப்பான இடத்தில் செய்து பார்க்கட்டும். இன்னொன்று: போட்டபிறகு ஜக்கெற்றின் தோள்பட்டியைப் பிடித்து யாரையாவது மேலே இழுக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறி வந்தால் பட்டிகள் தளர்வு.

ஒவ்வொரு மே மாதமும் எங்கள் கிளப் பருவத்தைத் தொடங்குவது படகோட்டத்தோடு அல்ல, நனைவதோடு. புளஃபர்ஸ் பார்க் மணற்கரையில், இடுப்பளவு தண்ணீரில், எல்லோரும் முழு உடுப்போடு இறங்குவோம். இரண்டு பேருக்கு ஒருவர் கரையில் காய்ந்த உடுப்போடு நிற்பார். இறங்கியவர்கள் முதலில் சும்மா மிதப்பார்கள். எங்கே தண்ணீர் கசிகிறது, கழுத்து இறுக்கமா தளர்வா, எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். அப்புறம் கையுறையைக் கழற்றிக் கையைத் தண்ணீருக்குள் வைத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து வேலைகள் கொடுப்போம். ஸ்பிரே ஸ்கேர்ட்டின் இழுபட்டியைப் பிடித்து இழு. நெஞ்சுப் பொக்கற்றைத் திறந்து றேடியோவை எடு. இழுகயிற்றின் கொக்கியை மற்றவரின் படகு முனையில் மாட்டு. பாடில் ஃப்ளோட் என்ற காற்றுப்பையை ஊதி நிரப்பு.

கிளப்பில் ஒரு அக்கா இருக்கிறார். வீட்டில் தையல் வேலை செய்பவர், கண்ணாடி இல்லாமலே ஊசியில் நூல் கோர்ப்பார். கை அவ்வளவு சுத்தம். அவர் தன் ஜக்கெற்றின் பொக்கற் சிப்பை இழுக்க முயன்றதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தச் சிப்பின் பிடி நகத்தளவு உலோகத் துண்டு. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடவில்லை. இரண்டு விரலுக்கும் நடுவில் அந்தத் துண்டு நிற்கிறது என்பது அவருக்குக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது, தொட்டு உணர முடியவில்லை. கடைசியில் நாடியை நெஞ்சோடு சேர்த்து, குனிந்து, பல்லால் கடித்து இழுத்தார். அலை இல்லாத இடுப்பளவு தண்ணீரில் அது நடந்தது. நடு ஏரியில் அலைக்குள் பல்லால் சிப்பைத் தேட முடியாது.

அடுத்த வாரமே அந்த அக்கா எல்லோருடைய ஜக்கெற்றையும் வாங்கிப் போய் ஒவ்வொரு சிப்பிலும் தடித்த கயிற்றில் ஒரு வளையம் கட்டிக் கொண்டுவந்தார். முழு விரலும் உள்ளே போகும் அளவு வளையம். விரல் மடங்காவிட்டாலும் கொக்கிபோல மாட்டி முழங்கையால் இழுக்கலாம். ஸ்பிரே ஸ்கேர்ட்டின் இழுபட்டியிலும் துளையிட்ட ஒரு நெகிழிப் பந்தைக் கோர்த்துவிட்டோம். தலைகீழாக இருக்கும்போதும் கையுறைக்குள்ளிருந்தும் அது தட்டுப்படும். கடையில் வாங்கும்போது எந்த விற்பனையாளரும் இதைச் சொன்னதில்லை. எல்லோருமே சூடான கையோடு, வெளிச்சமான கடைக்குள் நின்றுதானே பொருளைப் பார்க்கிறோம்.

பாடில் ஃப்ளோட்டிலும் இதே கதை. துடுப்பின் ஒரு முனையில் மாட்டி ஊதினால், படகோடு சேர்த்துப் பிடித்து ஏறிக்கொள்ள உதவும் காற்றுப்பை அது. தனியாகக் கவிழ்ந்தவருக்கு நல்ல துணை. ஆனால் அதன் வாயில் திருகித் திறக்கும் அடைப்பு இருக்கிறது. திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று விறைத்த விரலுக்குத் தெரியாது. மேல்மூச்சு வாங்கும் ஒருவர் இரண்டு அறைகளையும் ஊதி நிரப்புவதற்குள் பத்து நிமிடத்தில் நல்ல பங்கு போய்விடும். அதனால் எங்கள் கிளப்பில் வசந்த காலத்தில் யாரும் தனியாகப் போவதில்லை. குறைந்தது மூன்று பேர். மூன்று ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இனி உடுப்பு. எங்கள் விதி இது: தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே என்றால் வெற்சூட் (உடம்போடு ஒட்டிய நியோப்பிரீன் ரப்பர் உடுப்பு) அல்லது ட்றைசூட், 10க்குக் கீழே என்றால் ட்றைசூட் மட்டும். தண்ணீர் உடம்பின் சூட்டை அதே குளிரிலுள்ள காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சிவிடும். ஆகவே வானிலை அறிக்கையில் காற்றின் வெப்பநிலையைப் பார்த்து உடுப்பதில் அர்த்தமில்லை. கரையில் வேர்த்தால் ஏரித் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றலாம், குளிர்ந்துவிடும். தண்ணீரில் விழுந்தபிறகு ஒரு சட்டையைக் கூடுதலாகப் போட முடியாது.

ட்றைசூட் தானாகச் சூடு தராது என்பதைப் புதியவர்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். அது உடம்பை ஈரமாகாமல் வைத்திருக்கும், அவ்வளவுதான். சூடு உள்ளே போடும் உடுப்பில் இருக்கிறது. கம்பளி அல்லது ஃப்ளீஸ் நல்லது. பருத்தி வேண்டாம், வியர்வையைக் குடித்துக்கொண்டு குளிரோடு ஒட்டிக் கிடக்கும். கம்பளிக் காலுறை இரண்டு சோடி. பூட்டியதும் தண்ணீரில் நெஞ்சுவரை இறங்கி, குந்தியிருந்து, கழுத்து வளையத்தை ஒரு விரலால் விலக்கி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் கவிழ்ந்ததும் கால் பக்கம் காற்று ஏறி நீந்தக் கஷ்டப்படுத்தும்.

விலை பெரிய விஷயம்தான். புதிதாக வாங்கினால் பெரும்பாலும் ஆயிரம் டொலரைத் தாண்டும். குடும்பக்காரர்களுக்கு அது சின்னக் காசு அல்ல. பாவித்ததை வாங்கலாம், ஆனால் இரண்டு இடத்தைப் பாருங்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் உள்ள லேற்றெக்ஸ் ரப்பர் வளையங்களை இழுத்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் சின்னச் சின்ன வெடிப்புகள் தெரியும். ஒட்டும் பிசுபிசுப்பு இருந்தாலும் வளையம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அது மாற்றக்கூடியது. சிப் பழுதென்றால் விட்டுவிடுங்கள், மாற்றும் செலவில் பாதி ட்றைசூட் வந்துவிடும். கையில் காசு இல்லாத வருடத்தில் என்ன செய்வது என்று கேட்டால் என் பதில் நேரானது: ஜூன் கடைசிவரை காத்திருங்கள். அதுவரை பிக்கரிங்கில் உள்ள ஃப்ரெஞ்ச்மன்ஸ் பே போன்ற ஆழமில்லாத குடாவுக்குள், கரையோடு ஒட்டி, வெற்சூட்டோடு ஓடுங்கள். அந்தத் தண்ணீர் முதலில் சூடேறும், எந்தப் பக்கம் கவிழ்ந்தாலும் கரை பக்கத்திலேயே இருக்கும்.

புதிய கழுத்து வளையம் தொண்டையை நெரிக்கும். சோற்றுப் பானை ஒன்றில் மாட்டி இரவு முழுக்க விட்டால் நன்றாகவே இளகும். அதற்குப் பிறகும் இறுக்கினால் கூரான கத்தரிக்கோலால் அதன் ஓரத்தைச் சுற்றியுள்ள வரிகளில் ஒரு வரி மட்டும் வெட்டுங்கள். இரண்டு வரி சேர்த்து வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது.

எங்கள் ஆட்களுக்கென்று சில குறிப்புகள். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்துக்கொண்டு வராதீர்கள். எண்ணெய் லேற்றெக்ஸை மெல்ல மெல்ல அரித்துவிடும், கழுத்து வளையம் தலைமயிர் வழியாகத்தான் இறங்குகிறது. வெயிற்கிரீமும் அப்படித்தான், வளையம் தொடும் இடத்தில் பூச வேண்டாம். கல் வைத்த மோதிரம், காப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வையுங்கள். மணிக்கட்டு வளையம் கிழிவது பெரும்பாலும் மோதிரத்தால்தான். அதோடு குளிரில் விரல் சுருங்கும், மோதிரம் ஏரிக்குப் போய்விடும். நீரிழிவு உள்ளவர்கள் கிளப்புக்குக் கட்டாயம் சொல்லிவைக்க வேண்டும். நீண்டநாள் நீரிழிவில் விரல்களின் உணர்வு ஏற்கெனவே குறைந்திருக்கலாம். அவர்களுக்குப் பத்து நிமிடம் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. இருதய வருத்தம், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இந்த நனையும் பயிற்சிக்கு முன் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். திடீர்க் குளிர் இருதயத் துடிப்பையே குழப்பக்கூடியது.

கையுறை பற்றித்தான் கிளப்பில் ஓயாத விவாதம். துடுப்போடு பூட்டும் போகி என்ற உறை இருக்கிறது. வெறுங்கை துடுப்பைப் பிடித்திருக்க, வெளியே உறை மூடியிருக்கும். துடுப்புப் போடும்வரை அருமையான சூடு, பிடியும் நல்லது. பழைய அங்கத்தவர்கள் பலருக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் கவிழ்ந்ததும் கை உறையைவிட்டு வெளியே வந்துவிடும். விரல் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது வெறுங்கை. ‘பொக்கற்றில் கையுறை வைத்திருக்கிறேன், விழுந்தால் போடுவேன்’ என்று சொன்னவரைப் பயிற்சி நாளில் போட்டுக் காட்டச் சொன்னோம். ஈரமான நியோப்பிரீன் கையுறைக்குள் விறைத்த விரல் ஐந்தையும் நுழைப்பது நடக்கிற காரியமில்லை. என் முடிவு: 3 மில்லிமீற்றர் நியோப்பிரீன் கையுறை, கரையிலேயே போட வேண்டும். போகி வேண்டுமென்றால் உள்ளே மெல்லிய கையுறையாவது இருக்க வேண்டும். தடித்த கையுறையால் பிடி கொஞ்சம் குறையும், முன்கை விரைவில் களைக்கும், உண்மை. அதைப் பழக்கத்தால் சரிக்கட்டலாம். தலைக்கு நியோப்பிரீன் தொப்பி. காதுக்குள் குளிர்த் தண்ணீர் புகுந்தால் தலைசுற்றும், மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகும். அதற்காகவே தொப்பி காதை மூட வேண்டும்.

உதவி கேட்கும் கருவிகளையும் இதே கண்ணோடு பாருங்கள். கைத்தொலைபேசியை நெகிழிப் பைக்குள் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஈரத்திரை விரலைக் கேட்காது, கையுறையையும் கேட்காது. படகுக்காரர்கள் பேசப் பாவிக்கும் மிதக்கும் விஎச்எஃப் றேடியோவுக்குப் பெரிய பொத்தான் இருக்கிறது, அலைவரிசை 16இல் பேசினால் கரையோரக் காவல் படைக்கும் கேட்கும், பக்கத்தில் நிற்கும் பாய்மரப் படகுக்கும் கேட்கும். இந்த ஏரியின் தேடுதல் மீட்பை ஒருங்கிணைக்கும் நிலையம் ட்ரென்ரனில் இருக்கிறது. றேடியோ பாவிக்கச் சான்றிதழ் எடுக்க வேண்டும், படிப்பு கஷ்டமில்லை. எங்கள் கிளப்பில் ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பேரிடமாவது றேடியோ உண்டு, நெஞ்சில். படகில் கட்டி வைத்த றேடியோ படகோடு போய்விடும்.

எல்லாவற்றையும்விட மலிவானது விசில். பட்டாணி இல்லாத ஃபொக்ஸ் 40 விசிலைக் கண்டுபிடித்தவர் இங்கே பக்கத்து ஹமில்ரன் நகரத்துக் கூடைப்பந்து நடுவர் ரொன் ஃபொக்ஸ்குரொஃப்ற். 1987இல் சந்தைக்கு வந்தது. உள்ளே உருளும் பட்டாணி இல்லாததால் நனைந்தாலும் சிக்காது. ஜக்கெற்றின் தோள்பட்டியில் குட்டைக் கயிற்றில் கட்டிவிட்டால் தலையைத் திருப்பி வாயாலேயே எடுத்துக்கொள்ளலாம். விரலே தேவையில்லை.

மூன்று பேர் ஏன் என்பதற்கு வருகிறேன். ஸ்காபரோ புளஃப்ஸ் சுமார் 15 கிலோமீற்றர் நீளத்துக்கு நிற்கும் மண் மலை, சில இடங்களில் 90 மீற்றர் உயரம். வடக்கிலிருந்து காற்று அடிக்கும் நாளில் அதன் அடியில் தண்ணீர் கண்ணாடி போலக் கிடக்கும். மலை காற்றை மறைக்கிறது. கரையிலிருந்து பார்ப்பவருக்கு அன்றைக்கு ஏரி பரம சாது. கொஞ்சம் வெளியே போனதும் காற்று மேலிருந்து இறங்கிப் பிடித்துக்கொள்ளும். தள்ளுவது தெற்கே, அமெரிக்கக் கரை நோக்கி.

அப்படி ஒரு வசந்த நாளில் நாங்கள் நான்கு பேர் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். அனுபவமுள்ள ஒருவர், பின்னால் திரும்பி எதையோ பார்த்த நேரத்தில் பக்கவாட்டில் ஒரு அலை வந்து கவிழ்ந்தார். ட்றைசூட், தொப்பி, கையுறை எல்லாம் இருந்தன. வெளியே வந்து விசிலை ஊதிவிட்டார். கிட்ட நின்றவர் வழக்கமான முறையில் அவருடைய படகின் முனையைத் தன் படகுக்குக் குறுக்கே இழுத்து, கவிழ்த்துத் தண்ணீரை வடித்து, நிமிர்த்திப் பக்கத்தில் சேர்த்துப் பிடித்தார். விழுந்தவர் பின்பக்கத்தால் காலைப் போட்டு ஏறினார். ஏறியதுவரை மூன்று நிமிடத்துக்குள் முடிந்திருக்கும். அதன் பிறகுதான் நேரம் போனது. ஸ்பிரே ஸ்கேர்ட்டைச் சுற்றிவரப் பூட்ட வேண்டும். முன்னால் இழுத்தால் பின்னால் கழரும், பின்னால் பூட்டினால் முன்னால் கழரும். கையுறைக்குள்ளேயே விரல் பாதி போய்விட்டது. கடைசியில் மீட்டவரே எட்டிப் பிடித்துப் பூட்டிவிட்டார்.

இதெல்லாம் நடக்கும்போது காற்று நிற்கவில்லை. சேர்ந்து நின்ற இரண்டு படகும் ஒரு பாய் போலக் காற்றை வாங்கி வெளியே வெளியே போய்க்கொண்டிருந்தன. மூன்றாமவர் யாரும் சொல்லாமலே இழுகயிற்றை மாட்டி, இரண்டையும் சேர்த்து மலையின் மறைவை நோக்கி இழுக்கத் தொடங்கினார். எங்கள் பயிற்சியில் அதுதான் அவருடைய வேலை. நான் றேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாமவர் இல்லாமல் இரண்டு பேர் மட்டும் போயிருந்தால், மீட்பு முடிந்த இடத்திலிருந்து திரும்பி வரும் தூரம் இரட்டிப்பாகியிருக்கும், அதுவும் களைத்துக் குளிர்ந்த ஒருவரோடு, எதிர்க்காற்றில். அந்த மலைக்கு அடியில் கரையேற இடமும் எல்லா இடத்திலும் கிடையாது. இப்போது நாங்கள் வடக்குக் காற்று நாளில் ரூஜ் ஆறு ஏரியில் கலக்கும் பக்கமாகப் போகிறோம், அங்கே இறங்க மணல் இருக்கிறது. பலமாக அடித்தால் போவதே இல்லை.

கரைக்கு வந்ததும் அவர் நடுங்கினார். நடுங்குவது நல்லது, உடம்பு இன்னும் போராடுகிறது என்று அர்த்தம். காற்றுக்கு மறைவில், நிலத்தில் ஒரு மெத்தைத் துண்டு போட்டு உட்காரவைத்து, காய்ந்த தொப்பியும் தடித்த ஜக்கெற்றும் போட்டுவிட்டோம். ஃபிளாஸ்கில் இஞ்சி போட்ட பிளேன் ரீ, சீனி தூக்கலாக. நிதானமாக, விழுங்கத் தெரிந்த நிலையில் இருப்பவருக்கு மட்டும்தான் குடிக்கக் கொடுக்க வேண்டும். கைகாலைத் தேய்த்துவிடும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது, அன்பில் செய்வதுதான், ஆனால் கூடாது. பிராந்தி கொடுப்பதும் கூடாது, தோலுக்கு இரத்தத்தை இழுத்துச் சூட்டை வெளியேற்றிவிடும். நா குழறினாலோ, கால் தடுமாறினாலோ, நடுக்கம் நின்றும் ஆள் தெளியாமல் இருந்தாலோ படுக்கவைத்து, அதிகம் அசைக்காமல் மூடி, 911ஐ அழையுங்கள். நடக்கவைத்துச் சூடேற்றப் பார்க்காதீர்கள்.

படகைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. முன்னும் பின்னும் காற்றறை இல்லாத குட்டைக் கயாக் கவிழ்ந்தால் தண்ணீர் நிரம்பி அரைவாசி மூழ்கி நிற்கும், நடு ஏரியில் அதை யாராலும் வடிக்க முடியாது. அப்படிப்பட்ட படகை வைத்திருப்பவர்கள் குளங்களிலும் குடாக்களிலும் சந்தோஷமாக ஓடட்டும். ஏரிக்கு வேண்டாம்.

ஜூலை வந்ததும் எல்லோரும் ட்றைசூட்டைக் கழுவி, வளையங்களுக்குப் பவுடர் தூவி, அலுமாரிக்குள் மாட்டிவிடுவார்கள். இந்த ஏரியின் வடகரையில் அது அவசரப்பட்டுச் செய்யும் வேலை. மேற்குக் காற்று ஓரிரு நாள் விடாமல் அடித்தால், பூமி சுழல்வதன் விளைவாக மேலே உள்ள சூடான தண்ணீர் தெற்குப் பக்கம் விலகிப்போகும். அந்த இடத்துக்கு அடியிலிருக்கும் குளிர்த் தண்ணீர் ஏறி வரும். நேற்று 20 டிகிரியில் பிள்ளைகள் குளித்த கரையில் இன்று 10க்கும் கீழே நிற்கும். வானம் நீலமாக இருக்கும், மணல் சுடும், வித்தியாசம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் நாங்கள் கோடையிலும் புறப்படும் இடத்தில் ஒரு சாதாரண மிதக்கும் வெப்பமானியைக் கயிற்றில் கட்டி, கொஞ்சம் தள்ளி எறிந்து, ஐந்து நிமிடம் விட்டுப் பார்க்கிறோம். வெற்சூட்டும் ட்றைசூட்டும் எல்லோருடைய காரிலும் செப்டெம்பர்வரை கிடக்கும். 15க்குக் கீழே காட்டினால் தரிப்பிடத்திலேயே உடுப்பு மாற்றிவிட்டுத்தான் இறங்குவது, அன்று உடுப்பு கொண்டுவராதவர் கரையில் நின்று மற்றவர்கள் திரும்பும்வரை றேடியோவைக் கேட்டுக்கொண்டிருப்பார்.